கோடைக்கால விரால் மீன்பிடிப்பு

கோடைக்கால விரால் மீன்பிடிப்பு என்பது வெப்பம் மிகுந்த பங்குனி முதல் ஆனி வரையிலான மாதங்களில், நீர் வற்றிவரும் ஏரி, குளம், கண்மாய் முதலிய நீர்நிலைகளில் பெரிய விரால் மீன்களைத் தூண்டில், வலை, கூடை ஆகியவற்றாலோ வெறுங்கையாலோ பிடிப்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டின் நன்னீர் மீன்களில் விரால் மிகவும் விரும்பி உண்ணப்படுவதும் நல்ல விலை பெறுவதும் ஆகும். பிற மீன்கள் வெப்பத்தால் சோர்ந்து ஆழத்தை நாடும் வேளையிலும் விரால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசித்தே ஆகவேண்டும். இந்த இயல்பே அதனைக் கோடையில் பிழைக்கச் செய்கிறது. மனிதரிடம் அகப்படவும் செய்கிறது.

இக்கட்டுரை காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்திலுள்ள பிள்ளைப்பாக்கம், ஒரகடம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய ஏரிப் பகுதியை முதன்மையாகக் கொண்டு இம்மீன்பிடிப்பை விளக்குகிறது.

பெயரும் இனங்களும்

விரால் என்பது வரால் என்றும் வழங்கும். இதன் அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையாட்டா. செருமானிய இயற்கையியலாளர் மார்க்கசு எலியேசர் பிளாக் 1793ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். பாம்பின் தலையை ஒத்த தட்டையான தலையும், உருண்டு நீண்ட உடலும், முதுகு முழுவதும் நீளும் துடுப்பும் இதன் அடையாளங்கள். மேற்புறம் கரும்பழுப்பாகவும் வயிற்றுப்புறம் வெண்மையாகவும் இருக்கும். பக்கங்களில் சாய்வான பட்டைகள் காணப்படும். வாய் அகன்றது, பற்கள் கூர்மையானவை.

இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இரு மீன்களும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அறியப்பட்டவை.

- அவிரி: சன்னா மருலியசு எனப்படும் பெரிய இனம். வால் துடுப்பின் அடியில் கண் போன்ற புள்ளி உண்டு. பூவிரால் என்றும் சில இடங்களில் அழைப்பர். ஆறுகளிலும் ஆழமான நீர்த்தேக்கங்களிலும் வாழ்வது.
- குரவை: சன்னா பங்டேட்டா எனப்படும் சிறிய இனம். கொரவை என்பது பேச்சு வழக்கு. வயல் வாய்க்கால்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் மிகுதி.

வங்காளத்தில் விராலை ஷோல் என்றும், தெலுங்கில் கொர்ரமீனு என்றும், சிங்களத்தில் லூலா என்றும், மலாய் மொழியில் அருவான் என்றும் கூறுவர். தெலங்கானா அரசு 2016ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

இடமும் பருவமும்

பிள்ளைப்பாக்கம், சென்னையிலிருந்து தென்மேற்கே திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்த சிற்றூர். இங்கு தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகத்தின் (சிப்காட்) தொழிற்பூங்கா உள்ளது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களிலுள்ள பூங்காக்களுடன் சேர்ந்து இது ஊர்தி, மின்னணுப் பொருள் உற்பத்தியில் பெயர்பெற்ற ஒரு தொழில் வழியாக விளங்குகிறது.

தொழிற்சாலைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இது ஏரிகளின் நாடாகும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஏரிப் பாசனத்தை நம்பியது. பிள்ளைப்பாக்கம் ஏரி, திருப்பெரும்புதூர் ஏரி, ஒரகடம் ஏரி போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. வடகிழக்கே சற்றுத் தொலைவில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி அமைப்புகளும் பராமரிப்பது தமிழ்நாட்டு வழக்கம்.

இவ்வேரிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் நிரம்புகின்றன. தை, மாசியில் பாசனத்துக்குத் திறக்கப்பட்டுப் பங்குனியில் குறையத் தொடங்குகின்றன. மே மாதத் தொடக்கம் முதல் அம்மாத இறுதி வரை நீளும் அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயிலில் பல ஏரிகள் மதகடிப் பள்ளங்களில் மட்டும் நீர் தேங்கும் நிலையை அடைகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003ஆம் ஆண்டு மே 31 அன்று 45 பாகை செல்சியசு வெப்பம் பதிவானது. 2019ஆம் ஆண்டு சூன் மாதத்தில் செம்பரம்பாக்கம் உட்படச் சென்னையின் ஏரிகள் ஏறக்குறைய முழுவதும் வறண்டன.

கோடையில் விராலின் இயல்பு

காற்றைச் சுவாசித்தல்

விராலின் செவுள்களுக்கு மேலே காற்றைத் தேக்கும் சிறப்பு அறை ஒன்று உள்ளது. இதன் சுவரில் குருதி நாளங்கள் செறிந்துள்ளதால், மீன் விழுங்கும் காற்றிலிருந்து ஆக்சிசன் நேரடியாகக் குருதியில் கலக்கிறது. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், ஆக்சிசன் நிறைந்த நீரிலும் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். தேளி, பனையேறிக் கெண்டை ஆகியனவும் காற்றைச் சுவாசிக்கும் நன்னீர் மீன்களே.

நீரின் வெப்பம் கூடும்போது அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிசனின் அளவு குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 பாகையில் இது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆகவும், 35 பாகையில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஆகவும் குறையும். அதே வேளையில் மீனின் உடற்செயல்கள் விரைவடைவதால் அதன் தேவை கூடுகிறது. பாசி மிகுந்த ஏரிகளில் இரவு முழுவதும் பாசியும் ஆக்சிசனைப் பயன்படுத்துவதால், விடியலுக்குச் சற்று முன்னர் அது மிகக் குறைந்த அளவில் இருக்கும். கோடையில் கெண்டை வகை மீன்கள் காலையில் கூட்டமாக இறந்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்நீரில் விரால் உயிருடன் இருக்கும்.

சூடான நீரில் விரால் மூச்சுக்காக மேலே வரும் இடைவெளியும் குறைகிறது. ஒவ்வொரு முறையும் நீரில் ஒரு வளையமும் சில குமிழிகளும் தோன்றும். தூண்டில்காரர்கள் கோடையில் மீனின் இருப்பிடத்தை அறிவது இவ்வடையாளத்தால்தான்.

நிழலும் சேறும்

விரால் பதுங்கியிருந்து பாயும் வேட்டை மீன். சிறு மீன், தவளை, தலைப்பிரட்டை, பூச்சி, இறால் ஆகியவை இதன் உணவு. நண்பகலில் இது அல்லி, தாமரை இலைகளின் கீழும், ஆகாயத்தாமரைப் படலத்தின் ஓரத்திலும், சம்புப் புதர்களுக்குள்ளும், நெய்வேலிக் காட்டாமணக்கின் அடியிலும் தங்கும். காலையிலும் மாலையிலும் வெப்பம் தணிந்தபின் கரையோர ஆழமற்ற நீருக்கு இரைதேடி வரும்.

நீர் முற்றிலும் வற்றும் நிலையில் விரால் ஈரச் சேற்றில் புதைந்து பல நாட்கள் உயிருடன் இருக்கும். தோலும் சுவாச அறையும் ஈரமாக இருக்கும் வரை இது இயலும். ஈரமான நிலத்தில் நெளிந்து சிறிது தொலைவு கடந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்வதும் உண்டு. முதல் மழைக்குப் பின் வரப்புகளில் விரால் காணப்படுவதால், மழையோடு மீன் விழுந்தது என்று ஊர்களில் கூறுவர். உண்மையில் அவற்றிற் பல அருகிலிருந்த சேற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ வெளிவந்தவையாகும்.

பெரிய மீன்கள் கோடையில் அகப்படுவதன் காரணம்

ஏரி நிரம்பியிருக்கும்போது மீன்கள் பரந்த பரப்பில் சிதறியுள்ளன. நீர் சுருங்கும்போது அதே மீன்கள் சில பள்ளங்களில் குவிகின்றன. சிறிய மீன்களைப் பறவைகளும் பெரிய மீன்களும் உண்டுவிடுகின்றன. எஞ்சுபவை பெரிய விரால்களே. நீர் குறைவாலும் சூட்டாலும் பிற இரைமீன் இனங்கள் சோர்ந்திருப்பதால் விராலுக்கு உணவு எளிதில் கிடைக்கிறது. ஆகவே கோடையின் முற்பகுதியில் அது நல்ல உடல் நிலையில் இருக்கும். விரால் பொதுவாக 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் வரை காணப்படும். 1 மீட்டரை நெருங்கும் மீன்களும் பதிவாகியுள்ளன. ஒரு கிலோவுக்கு மேற்பட்டதைப் பெரிய விரால் எனக் கொள்வர்.

மீன்பிடி முறைகள்

தூண்டில்

தூண்டில் மீன்பிடிப்பு தொண்டை நாட்டில் மிகப் பழமையானது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீண்ட மூங்கிற்கோலும் நாணும் வளைந்த இரும்பு முள்ளும் கொண்டு பாண்மகன் ஒருவன் வாளை மீனைப் பிடிக்க முயலும் காட்சி இடம்பெறுகிறது. கோல், நூல், முள், இரை என்னும் அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை.

இன்றைய எளிய தூண்டிலில் மூங்கில் கழி, நரம்பு எனப்படும் நைலான் இழை, தக்கை, ஈயக்குண்டு, முள் ஆகியன இருக்கும். கெண்டைக்கு மண்புழுவும் மாவும் போதும். விராலுக்கு அசையும் இரை வேண்டும். சிறு கெண்டைக் குஞ்சு, வெட்டுக்கிளி, தவளை ஆகியவற்றை முள்ளில் கோத்து இலைகளின் இடையே தூக்கித் தூக்கி விடுவர். இரவில் முள்ளும் இரையும் கட்டிய குச்சிகளைக் கரையோரம் வரிசையாக ஊன்றிவைத்து, விடியலில் சென்று பார்க்கும் வழக்கமும் உண்டு.

அண்மைக் காலத்தில் இளைஞர் பலர் ரீல் பொருத்திய ஃபைபர் கோலையும் பின்னல் நூலையும் பயன்படுத்துகின்றனர். இரையாக மென்மையான ரப்பரால் ஆன செயற்கைத் தவளை இணைக்கப்படும். இதன் இரு முட்களும் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலைகளில் சிக்காது. மீன் கவ்வி அழுத்தும்போது மட்டுமே வெளிப்படும். தென்கிழக்கு ஆசிய நாடுகளில் விரால் இன மீன்களுக்குப் பெரிதும் பயன்படும் இம்முறையில் உயிர்த் தவளைகளுக்குத் தேவை இல்லை. பூச்சிகளை உண்டு பயிரைக் காக்கும் தவளைகளின் அழிவைத் தடுக்க 1987ஆம் ஆண்டில் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது நினைவுகூரத்தக்கது.

கோடையில் தூண்டிலுக்கு ஏற்ற நேரமும் முறையும் பின்வருமாறு கூறப்படுகின்றன.

- விடியற்காலை முதல் காலை 8 மணி வரையிலும், மாலை 5 மணிக்குப் பின்னும் மீன் கரையோரம் இரைதேடும்.
- நண்பகலில் தூண்டிலிடுவதானால் மரநிழல், இலைப்படலம், மதகடிப் பள்ளம் ஆகிய இடங்களே பயன்தரும்.
- நீர் ஆழமின்றித் தெளிந்திருக்கும்போது கரையில் நிற்பவரின் நிழலும் காலடி அதிர்வும் மீனைக் கலைக்கும்.
- மேற்பரப்பில் வளையம் தோன்றிய இடத்துக்குச் சற்று அப்பால் இரையை வீசி, அவ்வழியே மெதுவாக இழுத்துவர வேண்டும்.
- மீன் கவ்வியவுடன் இழுத்தால் இரை வாயிலிருந்து நழுவும். ஓரிரு நொடி விட்டு வலிந்து இழுப்பர்.
- முள் ஏறியதும் விரால் வேர்களுக்குள் நுழைய முயலும். ஆகவே வலுவான நூல் தேவை.

வலையும் கூடையும்

நீர் முழங்கால் அளவுக்குக் குறைந்ததும் தூண்டிலின் இடத்தை வலையும் கூடையும் பிடித்துக்கொள்கின்றன. வீச்சு வலை வட்டமாக விரிந்து விழுந்து மீனை மூடும். ஊத்தா எனப்படுவது மேலும் கீழும் திறந்த மூங்கில் அல்லது கம்பிக் கூடை. சேற்று நீரில் நடந்துகொண்டே இதனைக் கவிழ்த்து, உள்ளே மீன் மோதினால் மேல் வாய் வழியே கையை விட்டு எடுப்பர். கச்சா, பரி ஆகிய கருவிகளும் தென் மாவட்டங்களில் வழக்கில் உள்ளன.

சேற்றைக் கையால் துழாவி மீன் பிடிப்பது தனித்திறன். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இருளர் மக்கள் இதில் வல்லவர்கள். செம்படவர் வடதமிழ்நாட்டின் உள்நாட்டு மீன்பிடிச் சமூகத்தினர் ஆவர்.

மீன்பிடித் திருவிழா

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது. குறித்த நாளில் சுற்றுவட்டார ஊர் மக்கள் கரையில் கூடுவர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும் அனைவரும் ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்குவர். பிடித்த மீன் பிடித்தவருக்கே உரியது. அதனை விற்காமல் வீட்டில் சமைப்பதும் உறவினருக்குக் கொடுப்பதும் பல ஊர்களில் மரபாகும். இவ்வாறு மீனைப் பகிர்ந்தால் வரும் ஆண்டில் மழை பொழிந்து விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை.

இத்திருவிழாவில் பொதுநலனும் உண்டு. எப்படியும் வற்றவிருக்கும் நீரில் மீன்கள் வீணே அழுகுவதற்கு முன் அவை ஊரார்க்கு உணவாகின்றன. விழா நாள் வரை எவரும் தனித்து மீன் பிடிக்கக்கூடாது என்னும் ஊர்க்கட்டுப்பாடு, மீன் வளர்வதற்குக் காலம் அளிக்கிறது.

மீன்பாசிக் குத்தகை

ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவது மீன்பாசிக் குத்தகை எனப்படும். குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைக் குஞ்சுகளை விட்டு வளர்த்துக் கோடைக்கு முன் அறுவடை செய்வார். விரால் பெரும்பாலும் இயற்கையாகவே ஏரியில் இருப்பது. கெண்டைக் குஞ்சுகளை உண்பதால் குத்தகைதாரருக்கு இது பகை. அதிக விலைக்கு விற்பதால் நட்பும்கூட. குத்தகை உள்ள ஏரியில் அனுமதியின்றி வலை வீசுவதும் தூண்டிலிடுவதும் பூசலுக்கு இடமளிக்கும். ஆதலால் ஊராட்சியிலோ குத்தகைதாரரிடமோ முன்னரே கேட்டறிவது முறையாகும்.

சந்தையும் உணவும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. 2017ஆம் ஆண்டுக்கு முன் இத்தடை 45 நாட்களாக இருந்தது. தடைக்காலம் ஏரிகள் வற்றும் காலத்துடன் ஒன்றுவதால், கடல்மீன் வரத்து குறைந்து ஏரிமீனுக்குத் தேவை கூடுகிறது. தொழில் வழியில் குடியேறியுள்ள பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் மாநிலத் தொழிலாளர்களிற் பலரும் நன்னீர் மீன் உண்டு பழகியவர்கள்.

விரால் உயிருடன் விற்கப்படுவதே வழக்கம். சிறிதளவு நீர் உள்ள தொட்டியில் நெடுநேரம் பிழைத்திருப்பதால் பனிக்கட்டி தேவைப்படுவதில்லை. தசையிடை முட்கள் குறைவாதலால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்ற மீனாகக் கருதப்படுகிறது. நோயுற்றுத் தேறுவோருக்கு விரால் குழம்பு கொடுப்பது தமிழர் வழக்கம். மலேசியாவிலும் அறுவை மருத்துவத்துக்குப் பின் இம்மீனை உண்பர். ஐதராபாத்தில் சூன் மாதத் தொடக்கத்தில் மிருகசீரிடக் கார்த்தி நாளில் ஆசுத்துமா நோயாளிகளுக்கு மருந்து வைத்த சிறு விரால் குஞ்சை உயிருடன் விழுங்கக் கொடுக்கின்றனர். இதனால் நோய் நீங்கும் என்பது மருத்துவ ஆய்வால் நிறுவப்பட்டதன்று.

பிற நாடுகளில் ஒப்புமை: பாஸ் மீன்

விராலுக்குத் தமிழ்நாட்டில் உள்ள இடம் வட அமெரிக்காவில் பெருவாய்ப் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்கு உண்டு. இதுவும் பதுங்கிப் பாயும் மீன். நீர்த்தாவரங்களின் நிழலை நாடுவது. மேற்பரப்பில் இழுக்கப்படும் செயற்கைத் தவளையைக் கவ்வுவது. உலகின் மிகப் பெரிய பாஸ் மீன்களாகப் பதிவான இரண்டும் கோடையில் பிடிக்கப்பட்டவை. 1932ஆம் ஆண்டு சூன் 2 அன்று சியார்சியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் சியார்ச் பெரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 10.1 கிலோ எடையுள்ளது. 2009ஆம் ஆண்டு சூலை 2 அன்று சப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிடச் சற்றே கூடுதல் எடை கொண்டிருந்தும், விதிப்படி வேறுபாடு போதாமையால் இரண்டும் சமநிலைச் சாதனையாக ஏற்கப்பட்டன.

இரு மீன்களுக்கும் அடிப்படையான வேறுபாடு மூச்சில் உள்ளது. பாஸ் நீரில் கரைந்த ஆக்சிசனை மட்டுமே நம்புவது. ஆழமான ஏரிகளில் கோடையில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் தனித்தனி அடுக்குகளாகப் பிரியும்; அடியடுக்கில் ஆக்சிசன் குறைந்துவிடும். ஆகவே நண்பகலில் பல பாஸ் மீன்கள் இடைப்பட்ட ஆழத்தில் தங்கும். தமிழ்நாட்டு ஏரிகள் ஆழமற்றவை. காற்றால் எளிதில் கலங்குபவை. இங்கு நிலையான அடுக்குகள் தோன்றுவது அரிது. விராலும் மேற்பரப்பை விட்டு நீங்க இயலாது. எனவே அமெரிக்க நூல்கள் கூறும் ஆழ்நீர் முறைகள் விராலுக்குப் பொருந்தா. அதிகாலை, மாலை, நிழல், நீர்த்தாவரம் ஆகிய பொது விதிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டுச் சந்தையில் கடல் பாஸ் என்னும் பெயரில் விற்கப்படுவது கொடுவா மீன் ஆகும். இது கழிமுகங்களிலும் பழவேற்காடு போன்ற உவர்நீர் ஏரிகளிலும் வாழும் வேறொரு இனம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997ஆம் ஆண்டில் இதனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது.

ஓரிடத்தில் போற்றப்படும் மீன் பிறிதோரிடத்தில் தீங்காவதற்கும் இம்மீன்கள் சான்று. 1925ஆம் ஆண்டில் சப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பாஸ், உள்நாட்டு மீன்களை அழித்ததால் 2005ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட அயல் இனமானது. மறுபுறம், விரால் இன மீன்களை உயிருடன் இறக்குமதி செய்வதை அமெரிக்கா 2002ஆம் ஆண்டில் தடை செய்தது. 2000ஆம் ஆண்டில் புளோரிடாவில் விரால் இன மீன் ஒன்று கண்டறியப்பட்டது.

சூழலும் பாதுகாப்பும்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் விரால் தீவாய்ப்புக் குறைந்த இனமாக உள்ளது. எனினும் ஓர் ஏரியின் விரால்கள் முற்றிலும் அழிவது எளிது.

விரால் இணைகள் நீர்த்தாவரங்களை விலக்கிக் கூடமைத்து முட்டையிடும். மழைக்காலத்தில் இது மிகுதி. நீர் நிலைத்துள்ள இடங்களில் பிற மாதங்களிலும் நிகழும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக மேற்பரப்பில் மிதக்கும். தாயும் தந்தையும் அடியில் நின்று காக்கும். திரளின் அருகே விழும் எதையும் பெற்றோர் தாக்கும் என்பதால், அவ்விடத்தில் தூண்டிலிட்டால் பெரிய மீன் உறுதியாக அகப்படும். ஆனால் காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் உண்டுவிடும். ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே அழியும். இதனை உணர்ந்த தூண்டில்காரர்கள் குஞ்சுத் திரளைக் கண்டால் விலகிச் செல்கின்றனர்.

பெரிய பெண் மீன் சிறியதைவிடப் பன்மடங்கு முட்டையிடும். கோடையின் இறுதியில் மதகடிப் பள்ளத்தில் எஞ்சும் சில பெரிய மீன்களே அடுத்த மழையில் ஏரியை மீண்டும் நிரப்புபவை. கடைசிப் பள்ளத்தையும் நீரிறைத்து வற்றச்செய்து பிடிக்கும் ஊர்களில், அடுத்த ஆண்டு விரால் அரிதாவதற்குக் காரணம் இதுவே. ஏரியைத் தூர்வாரும்போது ஓரிரு ஆழமான மடுக்களை விட்டுவைத்தால் அவை மீன்களுக்குப் புகலிடமாகும்.

வேறு சில இடர்கள்:

- நஞ்சும் வெடியும்: நீரில் நஞ்சு கலந்தோ வெடிவைத்தோ மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்குகிறது. இம்முறைகள் குஞ்சு, தவளை, ஆமை அனைத்தையும் கொல்லும். நீரை அருந்தும் கால்நடைகளுக்கும் ஊறு விளைக்கும்.
- அயல் இனங்கள்: 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபிக் கெண்டை பெரும்பாலான ஏரிகளில் பெருகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு 2000ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டும் பல நீர்நிலைகளில் காணப்படுகிறது. இதுவும் காற்றைச் சுவாசிப்பது. விராலின் இடத்தைப் பிடிக்கவல்லது.
- புண் நோய்: 1988ஆம் ஆண்டில் இந்தியாவில் பரவத் தொடங்கிய தொற்றுப் புண் நோய் விராலைக் கடுமையாகத் தாக்கியது. இது கோடையில் அன்றி மழைக்குப் பிந்தைய குளிர்ந்த மாதங்களில் மிகுவது.
- கழிவுநீர்: வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியில், நீர் குறையும் கோடையில் அவற்றின் செறிவு கூடுகிறது. விரால் மாசுபட்ட நீரிலும் பிழைத்திருப்பதால், அது உயிருடன் இருப்பதை நீர் தூய்மையானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. வேட்டை மீனாதலால் பாதரசம் போன்ற உலோகங்கள் அதன் உடலில் சேரக்கூடும்.

பிடித்த மீனை விடுவிப்போர் கைகளை நனைத்துக்கொண்டு பிடிப்பதும், சுடு மண்ணில் போடாதிருப்பதும், செவுளில் விரல் நுழைக்காதிருப்பதும் தேவை. விராலின் மேலுள்ள வழவழப்பான கோழைப் படலமே அதனை நோயிலிருந்து காப்பது.

மீன்பிடிப்போரின் பாதுகாப்பு

கோடையில் ஏரி ஆழமற்றதாகத் தோன்றினும் ஆபத்து நீங்குவதில்லை. சவுடு மண் எடுத்த பள்ளங்கள் கலங்கிய நீரில் தெரிவதில்லை. அவற்றின் கரை செங்குத்தானது, அடி சேறானது. நீச்சல் அறிந்தவரும் இவற்றில் சிக்கி உயிரிழப்பது உண்டு. மேல்புறம் காய்ந்து வெடித்த சேற்றுக்குக் கீழே இடுப்பளவு உளை இருக்கக்கூடும். தனியே இறங்காமையும், கோலால் ஆழம் பார்த்து அடிவைப்பதும் முதற்பாடம்.

நண்பகல் வெயிலில் நெடுநேரம் நிற்பது வெப்பத் தாக்கத்தை உண்டாக்கும். தலைக்குத் துணி, குடிநீர், மோர் ஆகியவற்றுடன் காலை, மாலை வேளைகளில் மட்டும் செல்வது நன்று. மீனும் அவ்வேளைகளிலேயே கிடைக்கும். கோடை மழை இடியுடன் வருவதால் கருமேகம் திரண்டவுடன் கரையை விட்டு நீங்கவேண்டும். ஈரமான மூங்கிலும், கரிம இழையால் ஆன கோலும் மின்னலை ஈர்க்கக்கூடியவை.

ஏரிகளின் எதிர்காலம்

ஆயக்கட்டு நிலங்கள் பல தொழிற்சாலையாகவும் குடியிருப்பாகவும் மாறியதால் இவ்வேரிகளின் பாசனப் பயன் சுருங்கி வருகிறது. பாசனம் இல்லாத ஏரியைக் காக்க ஊருக்கு வேறு காரணம் வேண்டும். நிலத்தடி நீர், வெள்ளத் தடுப்பு, குடிநீர் ஆகியவற்றோடு மீனும் அத்தகைய காரணங்களுள் ஒன்று. வாய்க்கால் வழியாக ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கும் வயலுக்கும் சென்று பெருகும் மீன் விரால். வரத்துக் கால்வாய் அடைபட்டால் நீர் நிற்பதற்கு முன்னரே மீன் வரத்து நின்றுவிடும். கோடைப் பள்ளத்தில் விரால் மூச்சுவிட எழுப்பும் வளையம், அந்த ஏரி இன்னும் அடுத்த ஏரியோடு தொடர்புடன் இருப்பதன் அடையாளமுமாகும்.

இவற்றையும் பார்க்க

- விரால்
- ஏரிப் பாசனம்
- மீன்பிடித் திருவிழா
- செம்பரம்பாக்கம் ஏரி
- திருப்பெரும்புதூர்
- தூண்டில்